எட்டு வரியில் பனிச்சறுக்கு

ஷெம்ஷாக்
தேய் மாதம் 12, 1369

கீத்தி கானூம் அவர்களுக்கு,

நலம். வெள்ளிக்கிழமை நீங்களும் பிள்ளைகளும் பத்திரமாக வீடு சேர்ந்ததாக மினிபஸ் டிரைவர் சொன்னார். மாஸியார் வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தானாம். மலைப்பாதை அப்படித்தான். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

நான் யதுல்லாவின் கடையில் இருக்கிறேன். அன்று நாம் பலகையும் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தோமே, அதே கடை. உங்களை வண்டியில் ஏற்றிவிட்டு நான் ஏன் ஏறவில்லை என்று கேட்பீர்கள். யோசித்துப் பார்த்தேன். காரணம் என்று எதுவும் கையில் இல்லை. கதவு திறந்திருந்தது, நான் காலை எடுத்து வைக்கவில்லை. வண்டி போனபிறகு யதுல்லா கடையை மூடிக்கொண்டிருந்தார். எங்கே போவாய் என்று கேட்டார், தெரியாது என்றேன். ஆட்களுக்கு பூட்ஸ் மாட்டிவிடத் தெரியுமா என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றேன்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. கணப்பு உண்டு. அவர் வீட்டிலிருந்து பருப்பும் கீரையும் போட்ட ஆஷ் ஒரு பாத்திரம் வருகிறது, இரண்டு வேளைக்குப் போதும்.

எனக்குக் கோபம் இல்லை. அதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். வரவில்லை.

கூடத்து ஹீட்டரின் திரி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். மண்ணெண்ணெய்க் கூப்பன் அலமாரியின் மேல்தட்டில். மின்வாரியத்திலிருந்து ஆள் வந்தால் புது வருஷத்துக்குப் பிறகு வேலையில் சேர்வேன் என்று சொல்லுங்கள். பிள்ளைகளை இங்கே அனுப்ப வேண்டாம்.

ஹூஷங்

*

தெஹ்ரான்
தேய் 17

ஹூஷங்,

எட்டு வருஷம் இராக் போர்க்கைதி முகாமிலிருந்து எழுதினாய். ஒரு கடிதத்தில்கூட என்னைக் கானூம் என்று கூப்பிடவில்லை. இப்போது அறுபது கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு என்னைக் கானூம் ஆக்கி, நீங்கள் நாங்கள் என்று மரியாதை வேறு கொடுக்கிறாய். இதே மாதிரி இன்னொன்று வந்தால் பிரிக்காமல் டிரைவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன், சொல்லிவிட்டேன்.

நேரில் எனக்கு வாய் வரவில்லை. உனக்கும்தான். நாம் எழுதி எழுதியே குடும்பம் நடத்தியவர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஆமாம், பொய். எங்களில் ஒருவருக்கும் பனிச்சறுக்குத் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நானோ பிள்ளைகளோ அந்த மலையைக் கண்ணால் பார்த்ததில்லை. ஐந்து வருஷம், முப்பத்தொரு கடிதம், எல்லாம் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதியது.

உன் அப்பா இறந்தது அறுபத்து நாலாம் வருஷம், தேய் மாதம். அடுத்த மாதம் செம்பிறைச் சங்கத்தின் படிவம் வந்தது. உனக்குத் தெரியும், எட்டே வரி. படிவம் கொடுத்த பெண், "கெட்ட சேதி எதுவும் எழுதாதீங்க கானூம், அங்க அதைத் தாங்க ஆள் கிடையாது" என்றாள். உன் அக்காவும் அதையே சொன்னாள். தெருவே சொன்னது. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவுச் செய்தி சொல்லாமல் வைப்பது நம் வழக்கம்தானே. என் இடத்தில் நீ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய்.

'மாமா நலம்' என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தால் அந்த இரண்டு சொல்லும் மூச்சில்லாமல் கிடந்தன. நலமாக இருப்பவர் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டாமா? அந்த வாரம் பல்கலைக்கழகத்துக்கு எதிரே நடைபாதையில் மாஸியார் படம் பார்ப்பதற்கென்று ஒரு பழைய புத்தகம் வாங்கியிருந்தேன். பனிச்சறுக்குப் பாடப் புத்தகம், புரட்சிக்கு முன்னால் அச்சடித்தது. அட்டையில் அப்பா, அம்மா, பெண், பையன், நாலு பேரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். மாமாவை இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பனியில் நிறுத்தினேன். 'இன்று எல்லோரும் மலைக்குப் போய் முதல் பாடம் கற்றோம். விழுவது எப்படி என்பதுதான் முதல் பாடமாம். மாமா விழுந்து எழுந்து மலையைத் திட்டினார்' என்று எழுதினேன். எட்டு வரியும் நிரம்பிவிட்டது.

மூன்று மாதம் கழித்து உன் பதில். 'அடுத்த பாடம் என்ன? எல்லோரும் கேட்கிறார்கள்.' நான் என்ன செய்ய? அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நீ வந்து இறங்கிய அன்றே சொல்லியிருக்கலாம் என்பாய். தெருமுனையில் ஆடு அறுத்தார்கள், உனக்கு மாலை போட்டார்கள், எதிர்வீட்டுக்காரர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கப்பாவுக்குப் பார்க்கக் குடுத்து வைக்கலியே" என்று போட்டு உடைத்தார். நீ தலையை ஆட்டினாய். அவ்வளவுதான். அதோடு பனிச்சறுக்கும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? நாளை சொல்லலாம் என்று நாலு மாதம் ஓட்டினேன். முதல் பனி விழுந்ததும் நீ "போலாமா?" என்றாய். வந்ததிலிருந்து நீயாகக் கேட்ட ஒரே விஷயம் அது.

இரண்டு வாரம் கூடத்துக் கம்பளத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன், கையில் கோலுக்குப் பதில் சப்பாத்திக் கட்டையும் கரண்டியும். நீ கடைக்குப் போகிற நேரமெல்லாம் எங்களுக்கு வகுப்பு. மாஸியார் சோபாவில் இடித்துப் பல்லில் ரத்தம் வந்ததே, அது இதனால்தான். மற்றபடி நான் அந்தக் கயிற்றைத்தான் நம்பியிருந்தேன். சகோதரர்கள் அந்தப் பக்கம், சகோதரிகள் இந்தப் பக்கம் என்று மலையையே இரண்டாகக் கட்டி வைத்திருக்கிறார்களே, நாங்கள் இந்தப் பக்கம் விழுவது உனக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். மாஸியாரும் ஆண்பிள்ளை, அவன் உன் பக்கம்தான் வருவான் என்பதை மறந்தே போனேன்.

அவன் வலது பூட்ஸை இடது காலில் திணித்துக்கொண்டு, "சார், இதை எப்படிப் போடறது?" என்றான். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நீ குனிந்து மாட்டிவிட்டாய். நிமிர்ந்து என்னையும் பஹாரேயையும் பார்த்தாய். சாயங்காலம் எங்களை மட்டும் வண்டியில் ஏற்றிவிட்டாய்.

திட்டு ஹூஷங். எட்டு வரியில் வேண்டாம், எண்பது வரியில் திட்டு.

கீத்தி

திரி மாற்றிவிட்டேன்.

*

ஷெம்ஷாக்
தேய் 29

கீத்தி,

கானூம் வேண்டாம் என்றாய். சரி.

மூன்று நாளாகக் கடை ரேடியோவில் பாக்தாத் மேல் அமெரிக்க விமானங்கள் குண்டு போடும் செய்தி. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மோசூலில் நான் இருந்த இடத்திலும் விழுமா என்று யதுல்லா கேட்டார். தெரியாது என்றேன். அப்போது ஒரு பெண்குழந்தைக்கு பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். கொக்கியைப் போட்டேன், மற்றதையும் போட்டேன். எதுவும் தோன்றவில்லை.

அப்பாவைப் பற்றி. அவர் இறந்தது எனக்குத் தெரியும். உன்னுடைய முதல் பனிக் கடிதத்திலேயே தெரிந்துவிட்டது. கோடையில் கம்பளிப் பனியன் போட்டவர், எப்போதும் இரண்டு ஜோடிக் காலுறை போட்டவர், குளிர்காலம் முழுக்கக் கணப்பு மேசையின் போர்வைக்குள்ளிருந்து காலை வெளியே எடுக்காதவர். அவர் மலைக்குப் போய்ப் பனியில் விழுந்தாராம். படித்துவிட்டு மடித்து வைத்தேன். பக்கத்துப் படுக்கையில் கொதாதாத் இருந்தார், தெற்கே கடலோரத்துக்காரர், மீன்பிடி படகில் வேலை செய்தவர். என்ன சேதி என்று கேட்டார். அங்கே அழுதால் காரணம் கேட்பார்கள். அதனால், "அப்பா பனிச்சறுக்குக் கத்துக்கறார்" என்றேன். "அட, அதை எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" என்றார். "விழறதுலேருந்து" என்றேன். அவர் சிரித்தார், நாலு பேர் எழுந்து வந்தார்கள். அப்படித்தான் தொடங்கியது.

கொட்டடியில் அறுபது பேர். உன் கடிதம் வந்தால் சத்தமாகப் படிப்பேன். பிறகு படுக்கைகளுக்கு நடுவே வரிசையாக நின்று முட்டியை மடக்குவோம். முனையைச் சேர்த்துக் குதிகாலை அகட்டி, நம் பாரசீக எட்டை (۸) எழுதியது மாதிரி, கூரை மாதிரி கால் வைத்தால் வேகம் அடங்கும் என்று எழுதியிருந்தாயே, அந்த எட்டை நாங்கள் ஒரு குளிர்காலம் முழுக்கப் போட்டோம். கொதாதாத் பிறந்ததிலிருந்து பனியைப் பார்த்ததில்லை. எங்களில் அவர்தான் நன்றாகச் செய்தார். உன் மகள் பஹாரே வளைந்து திரும்பக் கற்றுக்கொண்டாளா என்று தினமும் கேட்பார். காய்ச்சலில் போய்விட்டார். திரும்பும் பாடம் பதினொரு நாள் கழித்து வந்தது. அதையும் சத்தமாகவே படித்தேன்.

ஆகவே அப்பாவை நீ மறைத்தது அல்ல. விஷயம் பிள்ளைகள். கடிதத்துப் பஹாரே பயம் அறியாதவள், நீ கத்தக் கத்த உச்சியிலிருந்து நேராக இறங்குவாள். கடிதத்து மாஸியார் எதையும் மூன்று முறை கேட்டு, "அப்பா வந்ததும் அவருக்கு நான்தான் சொல்லித் தருவேன்" என்பான். அந்த இரண்டு பேரையும் நான் வளர்த்தேன். அறுபது பேர் சேர்ந்து வளர்த்தோம். வீட்டுக்கு வந்தால் ஒரு பெண் கதவைத் திறந்து, பையை வாங்கிக்கொண்டு, தள்ளி நின்றாள். பையன் என்னை சார் என்கிறான்.

பனிக்குப் போனால் சரியாகிவிடும், அங்கே அவர்கள் அந்தப் பிள்ளைகளாகிவிடுவார்கள் என்று நாலு மாதம் பனிக்காகக் காத்திருந்தேன். அவன் பூட்ஸை மாற்றிப் போட்டதும் புரிந்தது. அவர்கள் இல்லை. இறந்துபோகவும் இல்லை, பிறக்கவே இல்லை. அதற்கு எப்படித் துக்கம் கொண்டாடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டியில் ஏறாததற்குக் காரணம் கேட்டால் இனி இதைச் சொல்லிக்கொள்.

ஹூஷங்

*

தெஹ்ரான்
பஹ்மன் 5

ஹூஷங்,

உன் கடிதத்தைப் பஹாரே படித்துவிட்டாள். நான் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட வேலை முடிந்து நான் வருவதற்குள் எடுத்துப் படித்து, அதே மடிப்பில் வைத்திருந்தாள். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தப் பஹாரேயை நீதானம்மா எழுதின? கொஞ்சம் என்னை மாதிரி எழுதியிருக்கக் கூடாதா?"

பன்னிரண்டு வயசுப் பெண், குண்டுவீச்சுச் சைரன் ஊதும்போதெல்லாம் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து வளர்ந்தவள். இன்றைக்கும் கதவு சாத்தும் சத்தத்துக்குத் தோளைக் குறுக்குகிறாள். அதை உனக்கு எழுத முடியுமா? மலையிலிருந்து நேராக இறங்குகிறாள் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் மூச்சு வந்தது. அவளுக்கு அதில் பங்கு உண்டா என்று ஒருநாளும் கேட்கவில்லை. அவள்தான் ஒவ்வொரு படிவத்தையும் தபாலில் போட்டவள். போடுமுன் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். "அவருக்கு அவளைத்தான் புடிச்சிருக்கு, நான் என்ன பண்றது" என்றாள். அழவில்லை, உன் பெண்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கம்பளத்தில் தனியாக நின்று முட்டியை மடக்குகிறாள். நான் கூடத்துப் பக்கம் போவதில்லை.

மாஸியார் உன்னை சார் என்பதற்கு வருத்தப்படுகிறாய். அவன் எட்டு வருஷம் ஒரு போட்டோவை அப்பா என்று கூப்பிட்டான். போட்டோவுக்கு மீசை இருக்கிறது. உனக்கு இல்லை. எனக்கே சில சமயம் சந்தேகமாக இருக்கிறது.

இப்போது என் முறை. உன் துணிகளைத் துவைக்க எடுத்தேன். மூன்று ஜோடிக் காலுறையில் உள்ளங்கால் பக்கம் கருகிய ஓட்டை. ஹீட்டர் மேல் காலை வைத்துக்கொண்டு நீ மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுட்டால் எடுக்க மாட்டாயா? அன்று மலையில் நீ பூட்ஸைக் கழற்றிய இடத்தில் பனி சிவந்திருந்தது. அங்கே விற்கிற அவித்த பீட்ரூட்டை வாங்கித் தின்ற யாரோ துப்பியது என்று நினைத்துக்கொண்டேன், நினைத்துக்கொள்ளத்தானே எனக்குத் தெரியும். எல்லாக் கடிதத்திலும் 'கை கால் நலம்' என்று எழுதினாயே. என் முப்பத்தொரு பொய்யைச் சொல்லிவிட்டேன். உன்னுடையது எத்தனை?

கீத்தி

*

ஷெம்ஷாக்
பஹ்மன் 18

கீத்தி,

இதை நாலு முறை எழுதிக் கிழித்தேன். கணப்புக்கு ஆயிற்று.

கணுக்காலுக்குக் கீழே பாதம் இரண்டிலும் உணர்ச்சி இல்லை. சூடு, குளிர், கல், முள் எதுவும் தெரியாது. அன்று பூட்ஸுக்குள் உள்ளுறை மடிந்திருந்தது. சாயங்காலம் கழற்றியபோதுதான் ரத்தம் பார்த்தேன். இங்கே என் வேலையே பூட்ஸ் மாட்டிவிட்டு, விரல் முட்டுகிறதா, முட்டியை மடக்கினால் விலகுகிறதா, குதிகால் தூக்குகிறதா என்று கேட்பதுதான். எல்லோருக்கும் பதில் இருக்கிறது. சிறு குழந்தைகூட இங்கே கடிக்கிறது என்று தொட்டுக் காட்டுகிறது.

எப்படி ஆயிற்று என்று கேட்பாய். சொல்லாமல் விட நினைத்தேன். ஆனால் நாம் சொல்லாமல் விட்டவற்றின் லட்சணத்தைத்தான் பார்த்துவிட்டோமே. ஒருநாள் நாங்கள் வரிசையாக நின்று எட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது காவலாள் உள்ளே வந்தான். அறுபது பேர் ஒரே மாதிரி முட்டியை மடக்கி நிற்கிறோம். ராணுவப் பயிற்சி என்று நினைத்தான். யார் தலைவன் என்று கேட்டான். பனிச்சறுக்கு என்று சொன்னோம். மோசூலில், கோடை வெயிலில். கடிதத்தைப் படிப்பவன் நான் என்பதால் நான் முன்னால் போனேன். பாதத்தில் மின்கம்பிக் கேபிளால் அடித்தார்கள், நாலு நாள். மின்வாரியத்துக்காரனுக்குக் கேபிள், கொதாதாத் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

இதை நீ உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அடி நின்றபிறகும் நாங்கள் விடவில்லை. அடுத்த வாரமே படுக்கையில் படுத்தபடி எட்டுப் போட்டோம். அந்தப் பாடங்கள் இல்லாவிட்டால் என் காலுக்கு மேலேயும் இப்படித்தான் ஆகியிருக்கும்.

பஹாரேயிடம் ஒன்று சொல். அன்று நீங்கள் இருவரும் விழுந்தபோது அவள் முட்டியில் கால்சட்டை கிழிந்திருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. உருண்டு போன உன் கையுறையைத் தவழ்ந்து போய் எடுத்து, பனியைத் தட்டி, உன் கையில் போட்டுவிட்டாள். பிறகுதான் தன் முட்டியைத் தடவினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அந்தக் கடிதத்துப் பெண் இதைச் செய்திருக்க மாட்டாள், கீழே போய்ச் சேர்ந்திருப்பாள். இதை நான் இத்தனை நாள் மறக்கவில்லை என்று சொல்.

எஸ்ஃபந்த் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. கூட்டம் குறைந்திருக்கும். வருவீர்களா? ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டாம்.

இன்னொன்று கேட்கிறேன். அப்பா இறந்துவிட்டார் என்ற கடிதம் எனக்கு வரவே இல்லை. கூட இருந்த எத்தனையோ பேருக்கு அண்ணன் போனது, அம்மா போனது என்று மற்றவர்கள் மூலம் தெரிந்து, சுற்றி உட்கார்ந்து அழுதோம். என் முறை வரவில்லை. என் அப்பா முகாமில் கடைசி நாள் வரை பனியில் விழுந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்தால் எல்லோரும் அழுது முடித்திருந்தீர்கள். அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பு. அது வந்தால் நான் வீட்டுக்கு வர முடியும் என்று தோன்றுகிறது. ஏன் என்று கேட்காதே.

ஹூஷங்

*

தெஹ்ரான்
பஹ்மன் 28

ஹூஷங்,

உன் கடிதத்தை ஒரு வாரம் மாவு டப்பாவுக்குள் வைத்திருந்தேன். அதன்பிறகு ரொட்டி போடவில்லை, கடையில் வாங்கிக்கொண்டோம்.

மோசூலில் நீ வாங்கிய அடியைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. தூக்கி வைத்துக்கொள்ளாதே என்றாய். வைத்துக்கொண்டாயிற்று.

நீ கேட்ட கடிதம் என்னால் முடியாது. உனக்குத் தெரிந்த ஒன்றை, ஐந்து வருஷம் கழித்து, எந்த முகத்தோடு எழுதுவேன்? வேறு எதையாவது கேள்.

வெள்ளிக்கிழமை வருகிறோம். கையுறை விஷயத்தைப் பஹாரேயிடம் படித்துக் காட்டினேன். "அவர் அதைப் பார்த்தாரா?" என்றாள். இரண்டு தரம் கேட்டாள். உன் கால் விஷயத்தை அவள்தான் மாஸியாருக்குச் சொன்னாள், நான் இல்லை.

கீத்தி

*

தெஹ்ரான்
எஸ்ஃபந்த் 5

ஹூஷங்,

இழுப்பறையில் ஒரு பழைய படிவம் மிச்சம் இருந்தது. அதிலேயே எழுதுகிறேன். வெறும் தாளில் உட்கார்ந்தால் கை சுற்றிச் சுற்றிப் போகிறது, எட்டு வரி என்றால் வேறு வழியில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் மலைக்குப் போய் முதல் பாடம் கற்றோம். பஹாரே பதினொரு முறை விழுந்தாள், மலைமேல் இழுத்துப் போகும் லிஃப்டைப் பார்த்துப் பயந்து பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே ஏறினாள். மாஸியார் தன் அப்பாவின் பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவி, "மடிப்பு இல்லை, கல்லும் இல்லை, போடுங்க அப்பா சார்" என்றான். அவன் அப்பா பின்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து விழுந்தபோது பஹாரே கயிற்றோரம் வந்து, "முட்டியை மடக்குங்க, எட்டு, எட்டு" என்று கத்தினாள். பெண்பிள்ளை இப்படிக் கத்தலாமா என்று காவல்கார அம்மாள் அதட்டினாள், இவள் இன்னொரு தரம் கத்தினாள். நான் ஒரு முறைகூட நேராக நிற்கவில்லை. மாமா வரவில்லை. மாமா இறந்துவிட்டார்.

எட்டு வரி முடிந்தது. ஓரத்தில் எழுதுகிறேன், படிவத்தைத் திருப்பிப் பிடித்துப் படி.

தேய் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் படுத்திருந்தார். அன்று தெளிவாக இருந்தார். தேநீர் கேட்டார், கற்கண்டு போட்டுக் கொடுத்தேன். "பையன்கிட்டேருந்து கடிதாசி வந்துதா?" என்றார். வரவில்லை. வந்தது, நலமாக இருக்கிறானாம் என்று சொன்னேன். நான் எழுதிய பொய்களுக்கெல்லாம் முன்னால் சொன்ன பொய் அது, அவரிடம் சொன்னது. "அங்க குளிருமோ என்னமோ" என்றார். இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிவிட்டுத் திரும்பினேன். கால் பக்கம் போர்வை விலகியிருந்தது, இழுத்து மூடினேன். அப்போது தெரிந்தது.

அடக்கத்துக்கு முன்னால் கஃபன் துணியில் சுற்றியபோது காலுறை போட்டு அனுப்பலாமா என்று கேட்டேன். அப்படியெல்லாம் கிடையாது கானூம் என்றார்கள். பனி பெய்துகொண்டிருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்ல வேண்டியிருந்தது, உனக்குத்தான் எழுதக் கூடாது என்றார்கள்.

இடம் தீர்ந்துவிட்டது.

கீத்தி

*

ஷெம்ஷாக்
எஸ்ஃபந்த் 11

கீத்தி,

கடிதம் நேற்று வந்தது. நின்றுகொண்டே படித்தேன். ஓரத்தைத் திருப்பிப் படித்தபோது பூட்ஸ் மாட்டும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் என்ன சேதி என்று யதுல்லா கேட்டார்.

"அப்பா இறந்துட்டார்" என்றேன்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை. கையில் இருந்த பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினார். என் தோளில் கை வைத்து, கடவுள் உனக்குப் பொறுமை தரட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டம்மா துக்கத்துக்கென்று ஹல்வா கிளறி அனுப்பினார். லிஃப்டில் வேலை செய்கிறவர்கள் நாலு பேர், பூட்ஸைத் தட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து ஃபாத்திஹா ஓதினார்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று கேட்டார்கள். அவருக்குக் குளிரே ஆகாது என்று சொல்ல ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் அழுதேன். யாரும் காரணம் கேட்கவில்லை.

கால் அப்படியேதான் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். நாலு பேரும் சேர்ந்து கல்லறையில் அப்பாவைப் பார்க்கப் போவோம். இரண்டு நாளாக அங்கேயும் பனி என்று டிரைவர் சொன்னார். பிள்ளைகளை ஆளுக்கு இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொண்டு தயாராக இருக்கச் சொல். என்னுடையதை மாஸியார் பார்த்துப் போட்டுவிடட்டும்.

ஹூஷங்